மை படாத மூன்று எழுத்து

ஒரு படத்தாளில் யார் யார் பெயர் வரலாம் என்று யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் எடோ நகரத்துக் கடையில் எந்தப் பூப்படத்தை எடுத்துப் பார்த்தாலும் வரைந்தவர் பெயர் இருக்கும். வெளியிட்ட கடையின் குறி இருக்கும். பார்த்துச் சரி சொன்ன தணிக்கைக்காரரின் முத்திரை இருக்கும். படத்துக்கான மரப்பலகையைச் செதுக்கியவர் கொஞ்சம் பெரிய ஆள் என்றால் அவர் பெயரும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேர்க்க விறுவிறுக்க ஒவ்வொரு தாளையும் பலகையில் வைத்துத் தேய்த்து எடுக்கிற அச்சுக்காரன் பெயர் மட்டும் எங்கே தேடினாலும் கிடைக்காது.

கண்டா பேட்டையில் இருபத்தாறு வருடமாக அச்சடிக்கிற கன்ரோகுவுக்கு இதில் ஒரு குறையும் இருந்ததில்லை, கல்யாணம் ஆகிற வரைக்கும். அதற்குப் பிறகு வருடத்தில் ஒரு நாள் மட்டும் குறை வந்தது. அவன் மாமனார் ஜிஹே கவாகோயே ஊரிலிருந்து ஆற்றுப் படகில் வந்து இறங்குகிற நாள் அது.

ஜிஹே மிசோ வியாபாரி. சோயாவை உப்புப் போட்டு ஆளுயரப் பீப்பாய்களில் அடைத்து, இரண்டு மூன்று வருடம் புளிக்க விட்டு விற்கிறவர். அவர் கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே விளக்குக் கொண்டு போகவும் விடமாட்டார், வெளிச்சம் பட்டால் சரக்கு கோபித்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அந்த இருட்டில் எது எந்தப் பீப்பாய் என்று எப்படித் தெரியும் என்றால், ஒவ்வொன்றின் அடியிலும் வலது பக்கம் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்ட எழுத்து பள்ளமாகப் பதிந்திருக்கும். கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, எந்த வருடச் சரக்கு, எந்தத் தச்சன் பலகை வெட்டினான், எவன் வளையம் கட்டினான் என்று கடகடவென்று ஒப்பிப்பார். அப்படிப்பட்டவருக்குப் பெயரில்லாத வேலை என்றால் என்னவென்றே புரியாது.

போன வருடமும் வந்தார். மகள் ஒதாகி கொடுத்த தேநீரைக்கூடத் தொடாமல், மருமகன் அந்த வருடம் அடித்த படங்களை எல்லாம் பாயில் பரப்பச் சொன்னார். ஒன்றைக் கையில் எடுத்து, முழுக் கையையும் நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இது யாரு பேரு மாப்ள?"

"வரைஞ்சவர் மாமா."

"இது?"

"கடையோட குறி."

"இந்த வட்டமா இருக்கறது?"

"தணிக்கை முத்திரை மாமா. படத்தப் பாத்துட்டு, சரி விக்கலாம்னு சொன்னவரோடது."

"சும்மா பாத்தவன் பேரு இருக்கு. குனிஞ்சு நிமிந்து அடிச்சவன் பேரு இல்ல. ரொம்ப நல்லா இருக்குய்யா உங்க ஊரு ஞாயம்!"

"வழக்கம் அப்படி மாமா."

"என் பீப்பாய்க்கு மூங்கில் வளையம் கட்டறவன் பேரு வரைக்கும் நான் சுட்டு வெச்சிருக்கேன். நீ என் பொண்ணக் கட்டினவன்." ஜிஹே படத்தைக் கீழே வைத்தார். "அடுத்த வருஷம் உன் பேரு போட்ட படம் ஒண்ணு என் கடைச் செவுத்துல ஒட்டப்போறேன். எங்க வியாபாரிச் சங்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு."

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

அவர் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அதுதான் கன்ரோகுவைப் படுத்தியது. குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு மறந்திருப்பான். பெரியவர் மருமகனைப் பற்றி ஊரில் பெருமையடிக்க ஆசைப்பட்டார், பெருமையடிக்க அவர் கையில் ஒரு துண்டுச் சாட்சியும் இல்லை. ஒரே ஒரு தாளிலாவது தன் பெயர் வரவேண்டும் என்று கன்ரோகு ஆசைப்பட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

இந்த வருடம் ஹினோகியா என்கிற வெளியீட்டுக் கடை, மாதத்துக்கு ஒரு பூவாகப் பன்னிரண்டு பூப்படம் போட்டது. வரைந்தவர் ரான்சுய், பெயர் பெற்ற ஓவியர். ஐந்தாம் மாதத்துக் கருவிழிப்பூ, நீர்க்கரையில் பூக்குமே, அந்தப் படத்தில் இதழின் ஊதாவை நுனியில் அடர்த்தியாக ஆரம்பித்து உள்ளே போகப்போக ஒன்றுமில்லாமல் கரைத்திருந்தான் கன்ரோகு. ஒரே பலகை, ஒரே வண்ணம், ஈரத் தூரிகை ஒன்று. கடை முதலாளி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் லேசில் வாய் திறந்து பாராட்டுகிற ஆள் இல்லை.

"கன்ரோகு, என்ன வேணும் கேளு."

அடுத்த படம் காலைமலர்க் கொடி. பூக்கடைக்காரர்கள் ஆறாம் மாதத்தில் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து விற்பார்களே, விடியலில் விரிந்து மதியத்துக்குள் சுருண்டுவிடுமே, அந்த நீலப் பூ. "காலைமலர்ப் படத்துல என் பேரு போடணும் முதலாளி" என்றான்.

முதலாளி சிரித்துவிட்டார். "குடிக்க ஒரு குடம் சாக்கே கேப்பான்னு பாத்தா, இவன் பேரு கேக்கறான்! சரிய்யா. கீழ வலது மூலைல, சின்னதா. ரான்சுய் ஐயாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லிக்கறேன்."

கடை வேலை மும்முரத்தில் அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்ல மறந்தே போனார்.

காலைமலர்ப் பலகைகள் அதற்குள் செதுக்கி முடிந்துவிட்டன. செதுக்கியவன் தொமெகிச்சி, கன்ரோகுவுக்கு இருபது வருடச் சிநேகிதன். செதுக்குகிறவனும் அச்சடிக்கிறவனும் சிநேகமாக இருப்பதே அபூர்வம். கோடு கோணினால் இவன் அவனைச் சொல்வான், வண்ணம் விலகினால் அவன் இவனைச் சொல்வான். இவர்கள் இரண்டையும் செய்துகொண்டே சிநேகமாகவும் இருந்தார்கள்.

"பூவு, எல, கொடி எல்லாம் முடிச்சு, உளியத் தொடச்சு வெச்சப்புறம் வந்து நிக்கறான் பாரு, பேரு வேணும்னு!" என்றான் தொமெகிச்சி. ஆனாலும் கோட்டுப் பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். படத்தின் கருப்புக் கோடுகள் எல்லாம் அந்த ஒரு பலகையில்தான் இருக்கும். "இங்க மேடு எல்லாம் சீவியாச்சு. ஒரு குழி வெட்டி, செர்ரிக் கட்டையில ஆப்பு ஒண்ணு இறக்கி, அதுமேலதான் உன் பேரச் செதுக்கணும். பக்கத்துலயே கொடியோட சுருள் போகுது பாத்தியா, முடி கனம். ஆப்பு அசைஞ்சா அதுவும் போச்சு."

"அசையாம இறக்கு."

"மழைக்காலம்டா. பத்து நாள் பொறு. கட்டை இந்த ஈரத்துக்குப் பழகட்டும்."

"பத்து நாள்ல பூச்சந்தையே முடிஞ்சிரும். நாளன்னைக்கு வரேன், கட்டைய நானே கொண்டுவரேன்."

கன்ரோகு அந்தக் கட்டைத் துண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். இரண்டு தாள் அடிப்பதற்குள் அது கழன்று கையோடு வந்துவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்கு ஒரே பயம். காய்ந்த ஆப்பு தண்ணீர் பட்டதும் உப்பி இறுக்கிக்கொள்ளும் என்பது அச்சுக்காரன் எவனுக்கும் தெரியும். ஆகையால் நன்றாகக் காய்ந்தால் நன்றாக இறுகும் என்று கணக்குப் போட்டு, கரி அடுப்புக்கு மேலே கம்பியில் கட்டி ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டான். இதை அவன் தொமெகிச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவான் என்று தெரியும்.

தொமெகிச்சி ஆப்பை இறக்கி, அழகாக மூன்று எழுத்துச் செதுக்கினான். அச்சு என்பதற்கு ஒன்று, கன்ரோகு என்பதற்கு இரண்டு.

மறுநாள் காலை கன்ரோகு சட்டையை இடுப்போடு இறக்கிவிட்டு வேலைக்கு உட்கார்ந்தான். ஒதாகி தாள்களை ஈரத் தூரிகையால் வருடி, அடுக்கி, பக்கத்தில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து தாள் நனைப்பது அவள் வேலை. தாளின் ஈரம் அவள் உள்ளங்கைக்குத்தான் தெரியும், அவனுக்குத் தெரியாது. கன்ரோகு பலகையில் மையைத் தடவி, தாளை மூலைக்குறியில் பொருத்திக் கவிழ்த்து, மூங்கில் மடல் சுற்றிய தேய்ப்பு வட்டால் முதுகில் தேய்த்து, உரித்து எடுத்தான். கீழே வலது மூலையில், கொடிச் சுருளுக்குக் கீழே, அடக்க ஒடுக்கமாகத் தன் பெயர் இருந்தது. வாயெல்லாம் பல்லாக அதை மனைவியிடம் காட்டினான்.

"பாரு."

"பாத்தேன், பாத்தேன். அடுத்த தாளு காயுது" என்றாள் ஒதாகி. ஆனால் அவளும் இரண்டு தடவை பார்த்தாள்.

பத்துத் தாள் வரைக்கும் எல்லாம் ஒழுங்காகப் போனது. இருபதாவது தாளை உரித்தபோது ஒதாகி கழுத்தைச் சாய்த்தாள்.

"ஏங்க, உங்க பேரு குண்டாயிட்டே வருது."

"கண்ணு பட்டிருக்கும்."

"கண்ணு பட்டா இளைக்கணும். இது ஊதுது."

முப்பதாவது தாளில் சந்தேகத்துக்கே இடமில்லை. மழைக்கால ஈரமும், மையில் இருந்த தண்ணீரும், தூரிகை ஈரமும் சேர்ந்து அந்த வறண்ட ஆப்பை ஊறவைத்து, பலகை மட்டத்துக்கு மேலே தூக்கிவிட்டிருந்தன. மேலே நின்ற எழுத்து முதலில் மையைக் குடித்தது, முதலில் தாளில் இறங்கியது. இடது பக்கம் ரான்சுய் என்ற பெயர் மெலிந்து ஓரமாக நிற்க, வலது பக்கம் கன்ரோகு என்ற பெயர் கன்னங்கரேலென்று மார்பை நிமிர்த்தி நின்றது.

நேரம் நன்றாக இருக்கிறதென்றால் இப்படித்தான் இருக்கும்: ரான்சுய் ஐயா அச்சு எப்படி வருகிறது என்று பார்க்க அன்றைக்கு வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், அறுபது வயது, விசிறியை மடக்கி மடக்கித் திறக்கிற பழக்கம். தாளை வாங்கிப் பார்த்தார். விசிறி நின்றுவிட்டது.

"கன்ரோகு யாரு?"

"நான்தாங்க ஐயா."

"இந்தப் பூவ நீயா வரைஞ்சே?"

"ஐயோ, இல்லைங்க."

"இல்ல, சந்தேகமா இருக்கு, அதான் கேட்டேன். தெருவுல போறவன் இதப் பாத்தா என்ன நெனப்பான்? கன்ரோகுன்னு ஒரு மகான் வரைஞ்சிருக்காரு, ரான்சுய்னு எவனோ ஒருத்தன் அவருக்கு மை அரைச்சுக் குடுத்திருக்கான்னு நெனப்பான்."

ஒதாகி சிரிப்பை அடக்க முடியாமல் தாள் அடுக்கின் பின்னால் குனிந்துகொண்டாள். கன்ரோகுவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓவியருக்குக் கோபம் வந்தது நியாயம் என்று அவனுக்கே தெரிந்தது.

முதலாளிக்கு ஆள் போயிற்று. அவர் வந்து, தான் சொல்ல மறந்ததை அரைகுறையாக ஒத்துக்கொண்டு, முதலாளிமார்கள் வழக்கப்படி அடுத்த மூச்சிலேயே தொமெகிச்சி மேல் பாய்ந்தார். தொமெகிச்சி வந்து ஆப்பை விரலால் தடவினான். கன்ரோகுவை நிமிர்ந்து பார்த்தான்.

"இத அடுப்புல காட்டினியா?"

கன்ரோகு துணியை எடுத்துத் தேய்ப்பு வட்டைத் துடைத்தான்.

"காட்டினியாடா?"

"ஒரே ஒரு நாள்."

"ஒரு நாளா! கட்டையாடா அது, கருவாடா?"

"மேல கொஞ்சம் சீவிட்டா மட்டமாயிடாதா?" என்று முதலாளி கேட்டார்.

"சீவினா இன்னும் கெடும் முதலாளி. எழுத்துக்கோடு மேல மெலிசு, அடில தடிமன். சீவச் சீவ அடி மேல வரும், பேரு இன்னும் பருக்கும்."

"அப்போ மொத்தமா வெட்டி எறி. பேரும் வேணாம், வம்பும் வேணாம்."

தொமெகிச்சி உளியை எடுத்தான். வைத்துப் பார்த்தான். மறுபடி கீழே வைத்தான். "ஆப்பு உப்பிப் பலகைய நெருக்கிட்டு நிக்குது. இதுல ஒரு தட்டு தட்டினா பக்கத்துச் சுருள் தெறிச்சிரும். சுருள் போனா கோட்டுப் பலகைய முழுசா மறுபடி செதுக்கணும். பன்னெண்டு நாள் ஆகும்."

பூச்சந்தைக்கு இருந்தது ஐந்து நாள். சந்தைக்கு வருகிற கூட்டம் பூச்சட்டியோடு படத்தையும் வாங்கிப் போகட்டும் என்றுதான் முதலாளி இந்த ஏற்பாடே செய்திருந்தார். முதல் இருநூறு தாள் அதற்குள் வந்தாகவேண்டும். அவர் முகம் தொங்கிப் போயிற்று. எல்லோரும் கன்ரோகுவைப் பார்த்தார்கள்.

"பலகை அப்படியே இருக்கட்டும்" என்றான் கன்ரோகு. "மை தடவினதும் பேரு மேல மட்டும் துணியால தொடச்சிடறேன். தாள்ல கருப்பு விழாது."

"ஒவ்வொரு தாளுக்குமா?"

"ஒவ்வொரு தாளுக்கும்."

ரான்சுய் விசிறியைத் திறந்தார். "கருப்பு இல்லாத வரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, "போன மாசத்து ஊதா நல்லா இருந்தது. அது நீதானே?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். பெயர் விழுந்த முப்பது தாளையும் முதலாளி ஒன்று விடாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மதியத்திலிருந்து கன்ரோகு தன் பெயரைத் தானே அழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மை தடவு, ஈரத் துணியைச் சுட்டுவிரலில் சுற்று, மூன்று எழுத்தையும் துடை, தாளைக் கவிழ், தேய், உரி. முதல் ஐம்பது தாளுக்கு அவனுக்கு அழுகை வராத குறைதான். உலகத்தில் எந்த அச்சுக்காரனுக்கும் கிடைக்காத ஒன்று கிடைத்து, தன் அவசரப் புத்தியால் தானே கெடுத்துக்கொண்டோமே என்று நெஞ்சு எரிந்தது. மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? சங்கத்து ஆட்கள் கேட்டால் அவர்தான் என்ன சொல்வார்?

அன்றைக்குச் சாயங்காலம் கவாகோயே படகுக்காரன் ஒருவன் தகவல் கொண்டுவந்தான். பெரியவருக்குக் கண்ணில் மூட்டம் போட்டிருக்கிறது, வசந்த காலத்திலிருந்து ஆள் முகம்கூடத் தெரியவில்லை. ஆனாலும் படகில் புறப்பட்டு வருகிறார், யார் சொல்லியும் கேட்கவில்லை.

ஒதாகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலைந்து தாளை நனைத்தாள். பிறகு, "ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லு."

"அப்பாவுக்குத்தான் கண்ணு தெரியலையே. பேரு போட்டிருக்குன்னு சொல்லிடுங்க. சந்தோஷமா ஊருக்குப் போகட்டும்."

"ஊருல செவுத்துல ஒட்டுவாரு. கண்ணு தெரிஞ்சவன் எவனாவது வந்து, எங்க பேருன்னு கேப்பான்."

"அப்போ என்ன சொல்லப்போறீங்க?"

"தெரியல."

மறுநாள் கோடு அடித்து முடிந்து வண்ணத்துக்கு வந்தார்கள். முதலில் இலைப் பச்சை, அப்புறம் தண்டு, கடைசியில் பூ. கப்பலில் வருகிற புது நீலத்தை அரிசிப் பசையில் குழைத்து இதழ் ஓரத்தில் மட்டும் வைத்து, தண்ணீர்த் தூரிகையால் நடுவை நோக்கி ஒரு இழுப்பு இழுத்தால், நீலம் வெளுத்து வெளுத்து நடுவில் தாளின் வெள்ளையே பூவின் தொண்டையாக நிற்கும். கை ஒரு மயிரிழை தாமதித்தாலும் ஓரம் கட்டிவிடும். ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு மாதிரி வந்தது, ஆனால் ஒன்றுகூடக் கெடவில்லை. நூற்று இருபதாவது தாள் வாக்கில் கன்ரோகு வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான், பெயர் போன துக்கமே மறந்துவிட்டது. எடோவில் நூறு அச்சுக்காரர்கள் இருக்கலாம். இந்த நீலத்தை எங்கே பார்த்தாலும் இது தன் கை என்று அவன் சொல்லிவிடுவான். அது அவனுக்குப் போதும்போலத்தான் இருந்தது. மாமனார் ஞாபகம் வரும்போது மட்டும் போதவில்லை.

காயப் போட்ட தாள்களைக் கொடியிலிருந்து எடுக்கும்போது ஒதாகி சொன்னாள். "மை இல்லைன்னாலும் அந்த மூலைல பள்ளமா விழுந்திருக்குங்க. ஈரத் துணி பட்டுப் பட்டு ஆப்பு இன்னும் தூக்கிட்டிருக்கும்."

"விழட்டும். கருப்புத்தானே கூடாதுன்னாரு."

ரான்சுய் ஐயா வந்து பார்த்தார். கருப்பு இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார். இருநூறு தாளும் நேரத்துக்குக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது, சந்தை முதல் நாள் காலையிலேயே பாதிக்கு மேல் விற்றுப்போனது. முதலாளி மறுபடி இருநூறு கேட்டு ஆள் அனுப்பினார். கூடவே ஒரு குடம் சாக்கேயும் அனுப்பினார், அது அவர் மனசாட்சி.

ஜிஹே வந்தது அதற்கு மறுநாள். ஒதாகி படகுத்துறைக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். ஆள் கொஞ்சம் இளைத்திருந்தார். குரல் இளைக்கவில்லை. சந்தின் முனையிலேயே கேட்டது.

"என்னம்மா இது, மூணு வீடு தாண்டியும் இன்னும் வரல? சந்த நீட்டிட்டாங்களா?"

"நீங்க மெதுவா நடக்கறீங்கப்பா."

உள்ளே வந்து உட்கார்ந்தார். கொண்டுவந்த மிசோ மொடாவை மருமகன் இருக்கிற திசையில் தள்ளினார், அது சுவர் பக்கம் போயிற்று. கன்ரோகு எழுந்து எடுத்து வைத்தான். குசலம் எல்லாம் விசாரித்தார். தன் கண்ணைப் பற்றி, "மூட்டம்தான், மழைக்காலம் போனா போயிரும்" என்று ஒரே வரியில் முடித்தார். அது போகாது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"சரி, எடு மாப்ள."

"எத மாமா?"

"விளையாடறியா? படத்த எடு. ஊரே காத்துட்டிருக்கு."

கன்ரோகு ஒதாகியைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் காலைமலர்த் தாள் ஒன்றை எடுத்து வந்து, அவர் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் நீட்டினான். அவர் வாங்கி, வழக்கம்போல முழுக் கையையும் நீட்டித் தூரமாகப் பிடித்தார். பிறகு மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"நீலமா இருக்கு" என்றார்.

"ஆமா மாமா. காலைமலர்."

"நல்ல நீலம். இது தெரியுது." கொஞ்சம் நிறுத்தினார். "உன் பேரு?"

பொய் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நீட்டின முகத்தைப் பார்த்ததும் கன்ரோகுவால் அதைச் சொல்ல முடியவில்லை.

"பேரு வரல மாமா. போட ஏற்பாடு ஆச்சு. மரத்துல செதுக்கிக்கூட ஆச்சு. நான்தான் அவசரப்பட்டுக் கெடுத்துட்டேன். மை வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. என்ன மன்னிச்சிருங்க மாமா. சங்கத்துல நீங்க..."

ஜிஹே கேட்டதாகவே தெரியவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் வலது கட்டைவிரல், கிடங்கு இருட்டில் நாற்பது வருடமாகப் போகிற இடத்துக்கு, கீழே வலது மூலைக்குத் தானாகப் போயிருந்தது. போன விரல் நின்றது. மேலே ஒரு தரம் ஏறியது, கீழே ஒரு தரம் இறங்கியது.

"அச்சு" என்றார் ஜிஹே.

ஒதாகி முழங்காலாலேயே நகர்ந்து கிட்டே வந்தாள்.

"கன்... ரோகு." மறுபடி தடவினார். "அச்சு, கன்ரோகு. இருக்கே! பள்ளமா, பீப்பாய்ல சுட்ட மாதிரி இருக்கே! எதுக்குடா இல்லைன்னே?"

பெரியவர் விரல் அதற்குள் தாளைச் சுற்றிப் பயணம் போயிருந்தது. இடது ஓரம், மேல் ஓரம், நடுப்பூ என்று எல்லாம் தேடிவிட்டுத் திரும்பியது.

"வரைஞ்சவன் பேரு எங்க?"

"இடது பக்கம் இருக்கு மாமா."

"எங்க இருக்கு? ஒண்ணும் இல்ல. கடைக்குறி?"

"அதுக்கு மேல."

"இல்ல. அந்தத் தணிக்கைக்காரன்?"

"அவரும் அங்கதான் மாமா இருக்காரு. மைல அடிச்சிருக்கு."

ஜிஹே விரலை எடுக்காமல் நிமிர்ந்தார். மூட்டம் போட்ட கண்ணில் நீர் கோர்த்திருந்தது, வாய் சிரித்தது.

"ஒருத்தனையும் காணோமேடா. இந்தப் படத்துல உன் பேரு மட்டும்தான் மாப்ள இருக்கு."

ஒதாகி முந்தானை இல்லாத ஊர்க்காரி, சட்டைக்கை நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கன்ரோகு தரையில் நெற்றி படக் குனிந்து வணங்கினான், எழுந்திருக்க நேரமாயிற்று.

"எழுந்திருய்யா. எனக்கு ரெண்டு தாள் வேணும்" என்றார் ஜிஹே. "ஒண்ணு செவுத்துக்கு. இன்னொண்ணு, வர்றவன் போறவனெல்லாம் தடவிப் பாக்கறதுக்கு. கைய கழுவிட்டுத்தான் தொடணும்னு சொல்லிடறேன்."